இடம் வலம்

ஹார்னோசாந்தில் என் கடை இருப்பது
ஒரு பல் மருத்துவரின் காலடியில், நிலவறையில்.
மேலே துளைபோடும் சத்தம் கேட்டால்
கீழே ஸ்கேனரை நிறுத்திவிடுவேன்.
எட்டு மில்லிமீட்டர் பிலிம்
அந்த அதிர்வைக்கூடத் தாங்காது.

பிஸ்கட் டப்பாவில் பதினொரு சுருள் கொண்டுவந்தார்
ஹோகன் நேஸ்லுண்ட்.
மூடியைத் திறந்ததும் காடி நெடி.
"ஊறுகாய் இல்லை, என் அப்பா அம்மா" என்றார்.
இந்த நகைச்சுவையை
வாரம் இரண்டு முறை கேட்கிறேன்.
சிரித்துவிட்டு ரசீது எழுதினேன்.

ஏழாவது சுருளில் ஒரு சாலை.
ஏரிக்கரை, பிர்ச் மரங்கள், கோடை வெயில்.
பெயர்ப்பலகை இல்லை, கடைத்தெரு இல்லை,
வாசித்துப் பார்க்க ஓர் எழுத்துகூட இல்லை.
புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு வோல்வோ வருகிறது,
சாலையின் இடப்பக்கமாக.

இங்கே யாரும் இடப்பக்கம் ஓட்டுவதில்லை.
நகலெடுத்த பிலிமாக இருக்கும் என்று நினைத்தேன்,
நகலில் சில நேரம் இடம் வலமாகக் கிடக்கும்.
ஒரு சொடுக்கு.
வோல்வோ வலப்பக்கம் வந்துவிட்டது.
ஏரி மறுபேச்சில்லாமல் எதிர்ப்பக்கம் போனது.
ஸ்டியரிங்கும் வலப்பக்கம் போய்விட்டதைப்
பார்க்கத்தான் செய்தேன்.
காரை இங்கிலாந்திலிருந்து இறக்கியிருக்கலாம்,
சாலையை யார் இறக்குவார்கள்?

கோப்பை அனுப்பிய மறுநாள் போன்.
"படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார் ஹோகன்.
நன்றி சொன்னேன்.
"அதைத்தான் சொல்கிறேன். அது அப்பாவின் கை இல்லை."

மரம் அறுக்கும் ஆலையில்
ரம்பத்துக்கு இரண்டு விரல் கொடுத்தவர் ஆல்கோட்.
கொடுத்தது நொட்டாங்கையில்.
மூன்று விரலோடு அந்தக் கைதான்
இவருக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது,
காய்ச்சலா என்று நெற்றி தொட்டது,
ஒரே ஒரு முறை அறைந்தது.
"அறை விழுந்த கன்னம் எதுவென்று
எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டு டப்பாவைப் பார்த்தேன்.
ஏழாம் சுருளின் அட்டையில் பென்சிலால் 1964.
பள்ளியில் படித்ததுதான், பரீட்சைக்கும் எழுதியதுதான்:
அறுபத்தேழு செப்டம்பரில் ஒரு ஞாயிறு விடியலில்
நாட்டின் வண்டிகள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று
இடமிருந்து வலம் மாறின.
அதற்கு முன் எல்லாரும் இடப்பக்கம்தான்,
ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தான்.
காரும் பொய் சொல்லவில்லை, சாலையும் சொல்லவில்லை.
தீர விசாரிக்காதது நான்.

மறுபடி ஒரு சொடுக்கு.
ஏரி தன் இடத்துக்குத் திரும்பியது.
ஆல்கோட் கையில் நீளமான மீனோடு நிற்கிறார்,
மறுகையால் காருக்குக் கையசைக்கிறார்,
மூன்று விரல், நொட்டாங்கை.
கேமரா குலுங்குகிறது;
பிடித்திருந்த எப்பா சிரித்திருக்க வேண்டும்.
ஊமைப்படம். குலுங்கல்தான் சிரிப்பு.

மன்னிப்புக் கேட்டுச் சரியானதை அனுப்பினேன்.
பழையதை அழித்துவிடவா என்றும் கேட்டேன்.
நெடுநேரம் பதில் இல்லை.
மேலே யாருக்கோ கடைவாயில் துளைபோட்டார்கள்.

சாயங்காலம் இரண்டு வரி வந்தது.
"இரண்டும் இருக்கட்டும்.
கோப்பின் பெயரில் 'தவறு' என்று போடாதீர்கள்."

கடை மூடும் முன் அந்தத் தவறை
இன்னொரு முறை ஓடவிட்டேன்.
பத்தொன்பது வினாடி, முந்நூற்று நான்கு பிரேம்.
வராத சாலையில் வராத கார்.
ரம்பம் இன்னும் தொடாத இடக்கையில்
ஐந்து விரலும் செவுளுக்குள் நுழைந்து
மீனை இறுகப் பிடித்திருக்கின்றன.
மீன் துள்ளுகிறது.
நழுவவில்லை.