கொக்கி

சனிக்கிழமை இரவு ஒன்பது நாற்பதுக்கு
லிடோவெலிலிருந்து வெண்டெலின் ஒரு வரி எழுதினான்:
"ஆறு சமையலறைக்குள் வந்துவிட்டது."

எங்கள் வலையில் எல்லாம் கோப்புதான்.
ஆளுக்கொன்று. வெறும் எழுத்து.
படமில்லை, இதயக்குறி இல்லை,
நடுவில் உட்கார்ந்து பங்கு போடுகிறவனும் இல்லை.
யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்றறிய
சொன்னவன் முகவரி, சொன்ன நேரம், சொன்ன சொல்
மூன்றையும் சேர்த்து அரைத்து
ஏழெழுத்தில் ஒரு பெயர் பிழிவோம்.
அந்த ஆலை நான் கட்டியது,
ஓலொமோட்ஸில், டிராம் பணிமனைக்கு எதிரே,
ஜன்னல் சரியாக மூடாத அறையில்.

சூப்பில் ஒரு கல் உப்புக் கூடினாலும் அது அதே சூப்.
என் ஆலையில் அப்படியில்லை.
ஒரு காற்புள்ளி நகர்ந்தால் ஏழெழுத்தும் வேறு.
இதைப் ப்ர்னோவில் மேடையேறிச் சொல்லி
கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

வெண்டெலின் இருட்டில், ஈர விரலால் அடித்திருக்கிறான்.
எங்கள் மொழியில் ஆறு என்ற சொல்லின் முதலெழுத்து
தலையில் சின்னக் கொக்கி ஒன்று சுமக்கும்.
அது விட்டுப்போயிற்று.

பதினொரு பேர் பதில் எழுதினார்கள்.
"மாடிக்குப் போ."
"மின்சாரத்தை நிறுத்தினாயா?"
"படகு இருக்கிறது, தெரு எண் சொல்."
இது ஷ்டெர்ன்பெர்க்கிலிருந்து ராடோவான்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதே ஏழெழுத்து.

பக்கத்து வீட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்தவன்
முதலில் செய்த வேலை
(ஆறாம் வகுப்பு இலக்கண வாத்தியார் அல்லவா)
பிழை திருத்தியது.
கொக்கியை மாட்டினான்.
சங்கிலி கழன்றது.

புதுப் பெயரோடு அவன் வரி தனியே நின்றது.
பதினொரு பதிலும்
இப்போது இல்லாத ஒன்றைப் பார்த்துப் பேசின.
அவன் திரையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பத்து ஐம்பதுக்கு அவன் எழுதியது: "சரி."
அந்தச் 'சரி'யின் ஏழெழுத்து எனக்கு மனப்பாடம்.

ராடோவான் எண் இல்லாமலே தேடிப் போனான்.
விடிய நாலு மணிக்கு
பரணில் டார்ச் அசைவதைக் கண்டான்.

செவ்வாய்க்கிழமை யார்மிலா வந்தாள்.
"சொல்லை அரைக்காதே. முகவரியும் நேரமும் போதும்."
"சர்வர் மாறினால்?"
"வீடு எப்போதாவதுதான் மாறுவார்கள். பிழை தினமும் விடுவார்கள்."
"அப்படியானால் ஒருவன் 'ஆம்' என்று வாங்கிக்கொண்டு
மேலே உள்ள கேள்வியை மாற்றிவிடுவான்."
அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
"அதுவும் சரிதான்" என்றாள்.
அதுதான் சிக்கல்.

இதற்கிடையில் நேரத்தின் வம்பு வேறு:
கோடைக்கு இரண்டு மணி கூட்டி எழுதுகிறவனும்
கிரீன்விச் கணக்கில் எழுதுகிறவனும்
ஒரே நொடிக்கு இரண்டு பெயர் தருகிறார்கள்.
ஏழும் போதாது, பன்னிரண்டு வேண்டும்.
காபி ஆறியது. எதுவும் முடியவில்லை.

அவளைக் கொண்டுவிடப் போனபோது
வாசலில் அழைப்புமணியைப் பார்த்தேன்.
மணமுறிவு முடிந்து நாலு வருடம்;
பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்,
பழையது பேனாவில், புதியது அச்சில்.
"எடுக்கவில்லையா?"
"எதற்கு? தபால் இரண்டுக்கும் வருகிறது."

அன்றிரவே எழுதினேன்:
திருத்துகிறவன் திருத்தலாம்.
புது வரியோடு தன் பழைய பெயரையும்
தன் கையாலேயே எழுதி வைக்கட்டும்.
கேட்டு வருகிறவனை அந்த வரி உள்ளே விடட்டும்;
பழைய சொல்லையும் கேட்டால் காட்டட்டும்.
ஆலைக்கு நாற்பது வரி கூடியது.
அழகாக இல்லை.

வெண்டெலினைக் கேட்டு அவன் கோப்பில் அந்த ஏழெழுத்தைச் சேர்த்தோம்.
பதினொரு பேரும் ஒவ்வொருவராய் வந்து
அவன் வரிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

ஐந்து நாள் கழித்து அவன் முதலாவதற்குப் பதில் எழுதினான்:
"போய்விட்டேன். ஆறு இறங்குகிறது."

இந்த முறையும் கொக்கி இல்லை.
திருத்துவானா என்று
மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.