குருவி

மராடியிலிருந்து தாள் வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிசைக்கு நேரே
எடை எழுதவேண்டிய கட்டத்தில்
'குருவி' என்று எழுதியிருந்தாள் லாரபா.

கணினி சொல்லை ஏற்காது.
எண் கேட்டேன்.
தொலைபேசியில் காற்று இரைந்தது.
"எண்ணா? வானம் கறுத்தது.
தகரம் தட்டிய பையன்கள்
தட்டிக்கொண்டேதான் நின்றார்கள்.
நான்கு நிமிடம்."

மூன்று வருடம் அந்தக் கம்பின் மரபணுவை
எழுத்தெழுத்தாய் வாசித்திருந்தோம்,
நியாமேயில், மின்சாரம் போய்ப்போய் வரும் மதியங்களில்.
வேர் எந்த ஆழத்துக்குப் போகும்,
மழை பின்வாங்கினால் பூ எத்தனை நாள் முந்தும்.
கணக்குப் பிசகவில்லை, முந்தித்தான் பூத்தது.
சுற்றுவட்டாரத்தில் எதுவும் பால்பிடிக்காத வாரத்தில்
அது மட்டும் விளைந்து நின்றது
ஊருக்கெல்லாம் போட்ட ஒரே இலையாய்.

பக்கத்து வரிசை, முள்மயிர்க் கதிர்,
மகசூலில் கடைசி,
அடுத்த பருவம் கழித்துவிட இருந்தது,
அலகு படாமல் இருந்ததாம்.
ஒரு கதிரை உருவிப் பார்த்தாள்;
உள்ளங்கை கீறியதைச் சொன்னாள்,
புகார் மாதிரி இல்லை.

சுழியம் போட்டால் பொய்.
விளைந்ததே!
ஒரு கோடு போட்டேன். கணினி அடங்கியது.

இரவு கோப்பைத் திறந்து
வலக்கோடியில் புதிதாய் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்.
தலைப்பு: குருவி.
கீழே ஐந்நூறு வெற்றுக் கட்டங்கள்.

காலையில் கேட்டேன்:
ஐந்நூறையும் உருவிப் பார்க்கக்
கையுறை அனுப்பட்டுமா?

"கையுறை போட்டால்
எப்படித் தெரியும்?" என்றாள்.