ஒரே சத்தம்

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஆறரைக்கு
என் முழங்கால் அக்கரைப்பற்றுக்குப் போய்வரும்.
நான் பாசையூரில்தான் இருப்பன்,
முன்னறைச் சீமெந்துத் தரையில்
பாய்கூட விரிக்காமல்.

நெஸ்டமோல்ட் பேணியில் சாய்த்த போன்
இடுப்புக்குக் கீழேதான் என்னைக் காட்டும்.
றிஸ்னா மிஸ்ஸுக்கு என் முகம்
றோட்டில் கண்டால் மட்டுப்படுமோ தெரியாது.
முழங்காலைத் தெரியும்.
தொடையின் பின்னாலிருந்து நரம்பெடுத்து
உள்ளே கட்டியதில்
தையல் கடைசியில் கொஞ்சம் கோணிப்போனதும் தெரியும்.

முதல் மாதம்
குதிக்குக் கீழே ஒரு சொப்பிங் பை.
வழுக்கி இழு, விடு, வழுக்கி இழு.
மகனுடைய கோணமானியைத்
தன் போன் திரையில் வைத்து அவர் அளப்பார்.
'அறுபத்திரண்டு.'
பாகை என்றெல்லாம் சொல்லமாட்டார்,
சந்தையில் விலை சொல்லுமாப்போல்
வெறும் எண்.
'அடுத்த கிழமை எழுபதாக்கித் தா புள்ள.'

கட்டில் காலில் முடிந்த சைக்கிள் ரியூப்.
கணுக்காலில் தொங்கும் ஒரு கிலோ சீனி.
தொடைத் தசையை இறுக்கு, ஐந்து எண்ணு.
மூன்றில் சிக்னல் போகும்.
தம்பி டெலன் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு
வேலிவரை போய் நிற்பான்
குழந்தைக்கு நிலவு காட்டுகிறவன்போல.
திரும்ப வரும்போது மிஸ்
ஏழில் இருப்பார். நான் இன்னும் நாலில்.

அவருக்குச் சொல்லாத விசயங்களும் உண்டு.
என் ஏழாம் இலக்கச் சட்டையோடு
இப்போது ஜெசிந்தினி ஆடுகிறாள்.
நல்லாய்த்தான் ஆடுகிறாள்.
வேலை முடிந்து வருகையில்
மைதானத்து மதிலோடு சைக்கிளை உருட்டுவன்;
சீமெந்தில் பந்து குத்தும் ஒவ்வொரு தரமும்
காலுக்குள் எதுவோ திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு, மூன்றாம் கால்பகுதி.
றீபவுண்ட். பந்து என் கையில்தான்.
இறங்கும்போது பாதம் ஒரு திசையில்,
முழங்கால் இன்னொரு திசையில்.
டொக்.
நண்டுக்கால் உடைக்கிற சத்தம்,
எனக்குள்ளே மட்டும்.
விசில் ஊதவில்லை.
பந்தைப் பிடுங்கிக்கொண்டு
பத்துப்பேரில் ஒன்பதுபேரும்
மற்ற வளையத்துக்கு ஓடிவிட்டார்கள்.

ஐந்தாம் மாதக் கடைசி.
'இன்றைக்குக் குதி' என்றார் மிஸ்.
வாங்கிலும் இல்லை, படியிலும் இல்லை,
நின்ற இடத்தில்
ஒரு சாண் உயரம்.
அம்மா குசினியில் மீன் வெட்டுவதை நிறுத்தினார்.
டெலன் ரவுட்டரோடு வேலியில்.

குதித்தேன்.

அக்கரைப்பற்றில் நான் இறங்கவில்லையாம்.
படம் உறைந்து
பதினொரு செக்கன் அந்தரத்தில் நின்றேனாம்,
இரண்டு குதியும் தரையைவிட்டு,
கீழே என் நிழல் தனியாக.
இங்கே நான் இறங்கித்தான் இருந்தேன்.
பிழையாக.
முழங்கால் உட்பக்கம் மடிந்ததை
கண்டது நானும் பேணியும்.

'எப்படி இறங்கின?'
'சரியாய்த்தான், மிஸ்.'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
திரும்பவும் சிக்னலோ என்று நினைத்தேன்.

'படம்தான் நின்டது புள்ள.
சத்தம் வந்தது.
ரெண்டு சத்தம்.
நல்ல கால் முதல்ல,
மற்றது பயந்து பயந்து பின்னால.'

சீனிப்பையைப் பார்த்தேன்.
அதன் மூலையால் எறும்பு வரிசை
எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது.

'மிஸ், அது உள்ளுக்கு மடிஞ்சது.'
'ஓ. இப்ப போனைத் திருப்பி வை,
சுவரைப் பார்க்கட்டும்.
நான் கேக்கிறன்.
ஒரே சத்தமாய் வருமட்டும் குதி.'

போனைத் திருப்பினேன்.
யாரும் பார்க்காத அறையில்
யாரோ கேட்டுக்கொண்டிருக்க
ஒரு சாண் மேலே போனேன்.

'ரெண்டு' என்றது சுவர்ப்பக்கம்.

திரும்பவும்.

'ரெண்டு. ஆனா கிட்டக் கிட்ட.'