பாய் கிடந்த சுவர்

களியலில் மூன்றாம் நாளாக மழை.
ஷீட்டு காயவில்லை, விலை ஏறி நிற்கிறது,
புகைப்புரை அடுப்பு இழுக்கமாட்டேன் என்கிறது என்று
வில்பிரட் நாலுதரம் போன் பண்ணிவிட்டார்.
தீயை அணைத்துப் போடுங்கள்,
ஒரு ராத்திரி கழியட்டும், வாறேன் என்றேன்.
வெளியே கறுத்த செங்கல் உள்ளே பழுத்திருக்கும்.
என் இடதுகைக்கு அது தெரியும்.

காலையில் புகைக்குழலுக்குள் டார்ச் அடித்தேன்.
பச்சை விறகின் கீல், விரல் தடிமன்.
கம்பியில் சாக்குக் கட்டி இழுக்க
கீலோடு வந்தது ஒரு மைனாக்கூடு,
அதில் பின்னியிருந்த நீல பிளாஸ்டிக் கயிறு.
தீப்பொறி தடுக்கும் தகட்டில்
துரு தின்ற ஓட்டை. கொடியிலிருந்து
ஒரு ஷீட்டு நழுவி விழுந்தால் போதும்,
மூணு லட்சம் ரூபாய்க்கு வெளிச்சம்.

அடுத்த அறை, சாக்கு அடுக்கும் அறை.
சுவரை ஒட்டி ஒரு பாய், போன் சார்ஜர்.
"சுக்ரா கெடப்பான். ஜார்க்கண்டு பய.
மழைக்கு இங்கதான் சூடு.
காலம்பற எழும்பமாட்டான், தலைவேதனையாம்.
குடியாக்கும், வேறென்ன."
குடிப்பதில்லை என்று சொல்ல
அவனிடம் தமிழ் இல்லை.
கையை மட்டும் ஆட்டினான்.

அடுப்பில் நாலு சிரட்டை பற்றவைத்தேன்.
ஊதுபத்தி கொளுத்தி
சுவரோடு சுவராக நகர்த்தினேன், பேசாமல்.
நூலாய் நேரே ஏறிய புகை
தலை வைக்கும் இடத்துக்கு வந்ததும்
அறைக்குள் சாய்ந்தது,
அந்தப் பக்கம் நின்று யாரோ ஊதியதுபோல.
மயிர்க்கோடு. சுண்ணாம்புக்குள் ஒளிந்து
கூரைவரை போயிருந்தது.

"புகையே காணலியே ஓய்."
"காணுகது புகை.
கொல்லுகது காணாது. மணக்கவும் செய்யாது."

வில்பிரட் சட்டென்று கதவைத் திறந்து வைத்தார்,
இத்தனை நாள் கழித்து.

வெடிப்பைக் கொத்தி அகலமாக்கி
களிமண்ணும் மணலும் உமியும் குழைத்து அடைத்தேன்.
பெரிய தீ ரெண்டு நாளைக்குக் கூடாது.
அவர் விரல்விட்டு நஷ்டம் எண்ணினார்.
சுக்ரா பாயைச் சுருட்டி எடுத்து
சாரலடிக்கும் வராந்தாவில் விரித்தான்;
அந்த இடம் பத்திரம், ஆனால் ஈரம்.
சூட்டுக்கு அவன் இனி எங்கே போவான்?
அது என் வேலையில்லைதான்.

சீட்டில் எழுதினேன்:
செங்கல் பன்னிரண்டு. தகடு ஒன்று.
களிமண் ரெண்டு சட்டி. கூலி.
கம்பளி ஒன்று.

வில்பிரட்டின் பேனா
கடைசி வரிமேல் கொஞ்சநேரம் நின்றது.
அடிக்கவில்லை.
கூலியில் அம்பது குறைத்துக்கொண்டார்.