ஆட்காட்டி

திறப்பைத் திருப்பினால் ஒன்றுமில்லை.
ஒரு டிக் கூட இல்லை.
கறுவாத்தோட்டத்து கிளப் மைதானம்,
பவிலியனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
உள்ளே ஏறி ஓட்டுகிற புல்வெட்டி
சிவப்பாக, பிடிவாதமாக.
வெளியே மாற்றாள் பாதியில் விட்டுப்போன புல்.
நாளைக்கு மெட்ச்.
செயலாளர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.
வெள்ளவத்தைப் பக்கம் வானம் கறுக்கிறது.

பற்றரியில் தொடங்கினேன். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள்.
பன்னிரண்டு புள்ளி ஆறு. குறையில்லை.
முனைகளில் பச்சைப் பூஞ்சணம்;
சுடுதண்ணீரில் அப்பச்சோடா கலந்து ஊற்ற
நுரைத்து ஒழுகிற்று.
பியூஸ் முழுசு.
சொலனொயிட்டின் இரண்டு தலையையும்
திருப்புளியால் தொட்டுக் கொடுத்தேன்:
பொறி பறந்தது, மோட்டர் சுற்றியது.
ஆக, சாகவில்லை.
எங்கேயோ ஒரு வயர் மாட்டேன் என்கிறது.

சோமசிறி பக்கத்திலேயே நின்றார்.
இருபத்திரண்டு வருடம் இந்தப் புல்லை வெட்டியவர்.
அவருடைய சிங்களம் எனக்கு விளங்கும்,
என் தமிழில் பாதி அவருக்கு;
மிச்சத்துக்குக் கை இருக்கிறது.
"பாஸ், மெசினுக்கு என்னோடு கோபம்" என்றார்.
ஆஸ்பத்திரியில் ஏழு கிழமை கிடந்துவிட்டு
இன்று காலைதான் வேலைக்கு வந்தாராம்.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
கண்டேன். துப்பாக எடுக்கவில்லை.

பஞ்சிகாவத்தைக்கு ஓடினேன்.
நஸ்மீரின் கடையில் ஒரு திறப்புச் சுவிட்ச்.
"ஒறிஜினலா?"
"ஒறிஜினல் மாதிரி."
மூவாயிரத்து எண்ணூறு.
மாட்டினேன். ஒன்றுமில்லை.
அந்தக் காசு இனித் திரும்பாது.

பிறகு, களைத்துப்போய்,
நானே ஏறி உட்கார்ந்து
பிரேக்கை மிதித்துத் திறப்பைத் திருப்பினேன்.
உறுமியது.
கூரையில் இருந்த காகமெல்லாம் எழும்பிற்று.

நிறுத்தினேன். இறங்கினேன். அவர் ஏறினார்.
ஒன்றுமில்லை.
நான்: உறுமியது.
அவர்: ஒன்றுமில்லை.
மூன்றாம் தரம் அவர் சிரிக்கவில்லை.

சீற்றுக்கு அடியில் ஒரு சின்னச் சுவிட்ச்.
மேலே ஆள் இருந்தால் அழுந்தும்.
அழுந்தினால்தான் மெசின் எழும்பும்.
எத்தனை கிலோ வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை.
சோமசிறி இப்போது அதைவிடக் குறைவு.
ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனிதனை
ஆளில்லை, ஆளில்லை என்று
காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது அது.

எப்படிச் சொல்வது?
"சுவிட்ச் பழசு" என்றேன்.
அவர் சீற்றைத் தூக்கி விரலால் அமத்திப் பார்த்தார்.
"சுவிட்ச் நல்லம், பாஸ்."

வயர் இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினால்
ஒரு நிமிட வேலை.
இந்த ஊரில் பாதி மெசின் அப்படித்தான் ஓடுகிறது.
ஆனால் தலைசுற்றி இவர் விழுந்தால்
தகடு சுற்றிக்கொண்டே இருக்கும்.
தெரிந்துகொண்டு என்னால் அதைக் கட்ட முடியாது.
ஓட்டோவின் பின்னால் கிடந்த பழைய ரயரில்
இரண்டு விரல் அகலம் வெட்டி
சீற்றின் அடியில், சுவிட்ச் முட்டுகிற இடத்தில் ஒட்டினேன்.
ஒன்று போதவில்லை. இரண்டு.
அவர் உட்கார, அழுந்தியது.
எழும்ப, விட்டது.

போனார். பச்சையும் இளம்பச்சையுமாகக் கோடு விழுந்தது.
பில் எழுதிக்கொண்டிருக்கிறேன், சத்தம் நின்றது.
தூரத்து பவுண்டரிப் பக்கம்.
விழுந்துவிட்டார் என்று ஓடினேன்,
திருப்புளி கையிலேயே இருந்தது.

விழவில்லை. சீற்றிலிருந்து பாதி எழும்பி
கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால்
புல்லுக்குள் மண்ணிறத்தில் நான்கு முட்டை.
தலைக்கு மேலே பறவை கத்திக் கத்திச் சுற்றுகிறது.
"கிரலா" என்றார்.
"ஆட்காட்டி" என்றேன்.
அது என்னவென்று கேட்டார்.
ஆள் வந்தால் காட்டிக் கொடுக்கும் குருவி என்றேன், பாதி கையால்.
அவர் சீற்றைத் தட்டிச் சிரித்தார்.

முட்டையைச் சுற்றி மூன்று ஸ்டம்ப் நட்டோம்.
உட்கார்ந்தார். உறுமியது. விலகிப் போனார்.
முதல் துளி பில்லில் விழுந்தது.
மைதானத்தில் வெட்டாத அந்த வட்டத்தைப் பற்றி
செயலாளரிடம் யார் சொல்வதென்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.