வாக்குமூலம், கூட்டப்பனை

எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன்.
“கோயில் சிலுவைய
மூணாவது காத்தாடி மறைக்கும்லா,
அதுக்குத் தெக்கால, பார்மேல” என்றார் தஸ்நேவிஸ்.

படிவத்தில் பாகை, கலை, விகலைக்குத்தான்
கட்டம் இருந்தது.

நம்பியாற்று முகத்துவாரத்திலிருந்து
மஞ்சள் மிதவை வரை
வலை கூடாது.
“வெளியதான் சார் விட்டேன்.
ராத்திரி சோநீவாடு இழுத்துட்டு வந்துட்டு.
உங்க மிதவையுந்தான் நவுந்து கெடக்கு.”

மிதவை நகர்ந்ததா எனக் கேட்க
மேலதிகாரியை அழைத்தேன்.
எடுக்கவில்லை.

ஆயிரம் ரூபாய்.
எண்ணி வைத்தார், ஈர நோட்டு.
பெயர் எழுதும்போது கையைத் தடுத்து,
“நீவாட்டையும் சேத்து எழுதுங்க,
ரெண்டாவது குற்றவாளி” என்றார்.

சிரிக்காமல் ரசீது கிழித்தேன்.
அவர் கையெழுத்தின்மேல்
ஒரு சாளைச் செதிள்.
ஊதிப் பார்த்தேன், போகவில்லை.
அப்படியே கோப்பில் வைத்தேன்.