முப்பத்தோரு அங்குலம்

வெள்ளை ஜெபல் ஒன்று, லீசிங் முடிந்தது,
கையெழுத்துப் போட்டால் ஓட்டிப்போகலாம் என்றான் முபாரிஸ்.
ஏறி உட்கார்ந்தேன்.
இடது பெருவிரல் மட்டும் தரையில்.
வலது கால் பண்டாரவளைக்கு மேலே எங்கேயோ.

வேண்டாம்.

தியத்தலாவையில் புழுதி கிளப்புகிறவர்களுக்குப்
பாய்ந்து விழப் பரப்பு உண்டு, பார்க்கச் சனம் உண்டு.
நான் போகும் பைனஸ் காட்டில்
பாதை என்று எதுவும் இல்லை.
ஒரு மரத்துக்கும் மறு மரத்துக்கும் நடுவே
இடம் மட்டும் இருக்கிறது,
அதுவும் சில இடத்தில்தான்.

கொடிக்கயிறு கொண்டுபோய் அளந்தேன்.
ஓடைக்கு மேல் திருப்பத்தில் நெருங்கி நிற்கும் இரண்டு:
மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று.
கயிற்றில் முடிச்சுப் போட்டு
வீட்டில் தையல் டேப்பில் பிடித்தால்
முப்பத்தோரு அங்குலம்.

"இதற்குள் நுழைகிற பைக்."
முபாரிஸ் முடிச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு
கடைக்குப் பின்னால் போனான்.

அங்கே கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றது
பழைய நூற்றி இருபத்தைந்து.
டாங்கியில் நெளிவு, சீட்டில் எச்சம்.
ஏறினேன்.
இரண்டு குதிகாலும் நிலத்தில்.

பாமசியில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசு
அதற்கே போய்விட்டது. மிச்சமெல்லாம் கடன்:
முன்பல் பதினைந்தைக் கழற்றிப் பதின்மூன்று.
இனி றோட்டில் ஆட்டோவும் என்னை முந்தும்,
முந்தட்டும்.
முதல் கியரில், நடக்கிற வேகத்தில்
எஞ்சின் அணையாமல் இருந்தால் போதும்.
அடியில், பாக்டரியில் கழித்த ரோலரின் அலுமினியத் தகடு,
கல்லில் மோதினால் வழுக்கிப்போக.
கிளட்ச் பிடியின் ஆணியை இறுக்காதே,
விழுந்தால் முறியாமல் சுழலட்டும் என்றேன்.
அவன் அரைச்சுற்று இறுக்கினான்.
அவன் தேத்தண்ணிக்குப் போனபோது
முக்கால் சுற்றுத் தளர்த்தினேன்.

"சைலன்சரில் ஓட்டை போட்டால் சும்மா அதிரும் அக்கா"
என்றான் கடைப் பொடியன் சஞ்ஜீவன்.
ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டி
ஆறு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அது.
உள்ளே இன்னும் பஞ்சு அடைத்தோம்.

கடைசியாக ஹேண்டில், முப்பத்திரண்டரை.
இரும்பறுக்கும் வாளால் பக்கத்துக்கு ஓர் அங்குலம்.
வெட்டுண்ட வளையம் ஒன்றில் இப்போது சாவி தொங்குகிறது,
மற்றதைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்தப் பக்கம் என்னதான் இருக்குது?" என்றார் அம்மா.
"இன்னும் பைனஸ்."

புரட்டாதி முழுவதும் நுழைந்தேன்.
இடக்கையில் பட்டை உரசும், வலக்கையில் பிசின் ஒட்டும்,
பக்கத்துக்குக் கால் அங்குலம் காற்று.
மூச்சை அடக்கினால் பைக்கும் அடக்கும்.
அட்டை கடித்ததே வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

ஐப்பசியில் பன்னிரண்டு நாள் மழை.
பதின்மூன்றாம் நாள் போனேன்.
அதே திருப்பம். அதே முதல் கியர்.
இரண்டு முனையும் ஒரே சமயத்தில்
"டக்".

விழவும் இல்லை, நகரவும் இல்லை.
மரங்கள் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றன,
எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் இழுத்தெடுத்து
சீட்டுக்கடியில் இருந்த கயிற்றைப் பிடித்தேன்.
முடிச்சு மரத்தைத் தாண்டித் தொங்கியது.
மேட்டு மரம் குனிந்திருந்தது.
மரம் மட்டும் குனியாது.

லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கு என்று
கிராம சேவகர் ஏற்கெனவே எழுதிப்போயிருந்தார்.
கந்தோரில் சொன்னேன்.
பெரிய கிளாக்கர் பேனாவை மூடினார்.
"மலை நகருதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"
"ஹேண்டில் நுழையல."
பேனாவைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒரு அங்குலம் வெட்டித்தாறேன்,
காசு வேண்டாம்" என்றான் முபாரிஸ்.
வெட்டவேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன்.
திருப்பத்துக்கு இப்பால் அணைத்துவிட்டு இறங்கி
கயிற்றைப் பிடிக்கிறேன்.
போன கிழமை முப்பதே கால்.
இன்றைக்கு
பழைய முடிச்சுக்குப் பக்கத்தில் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே
என் பெருவிரல் சரியாக அடங்குகிறது.